சிவப்புப் பொட்டு வைக்காத போர்டு

"நீங்க எனக்குன்னு பார்த்துப் பார்த்துச் செத்த பேட்டரியாக் குடுக்கறீங்க" என்றார் சீடர்.

"ஆமாங்ணா" என்றாள் குரு.

சீடர் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்வாள், மடக்கிவிடலாம் என்று காலையிலிருந்தே கேள்விகளை அடுக்கி வைத்திருந்தார். அத்தனையும் வீணாய்ப் போயின.

"ஆமான்னா?"

"ஆமான்னா ஆமாதானுங்."

ஒருவர் குற்றத்தை மறுத்தால் சந்தேகம் பாதிதான் வரும். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டால் முழுதாக வந்துவிடும். சீடருக்கு முழுதாக வந்தது.

"அப்ப நல்ல பேட்டரியெல்லாம் உங்க டார்ச்சுக்குப் போகுது. அப்படித்தானுங்க?"

"இல்லீங்ணா. என்னோடதும் அதே டப்பாவுல இருந்து எடுத்ததுதான்."

"அதை நான் நம்பணும்?"

"வேண்டாமுங்" என்றாள் அவள். டீயை ஊதிக் குடித்தாள்.

*

மலைமேல், தேயிலை எஸ்டேட்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன பஸ் ஸ்டாண்டு. அதன் பின்புறம், ஒரு காலத்தில் உரமூட்டை அடுக்கிய அறையில், ஜெசிந்தா டார்ச் லைட் செய்தாள்.

கடையில் தொங்குகிற டார்ச் அல்ல. காட்டுக் காவலுக்குப் போகிறவர்களுக்கும், சோலைக் காட்டு வழியாக வீடு திரும்புகிறவர்களுக்கும், ஆளைப் பார்த்து, போகிற வழியைக் கேட்டுச் செய்து கொடுக்கிற டார்ச்.

முன்னால் விளக்கு. பின்னால் பேட்டரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவில் வட்டமாக ஒரு போர்டு. பேட்டரியிலிருந்து விளக்குக்கு எவ்வளவு போகலாம், எப்போது நிறுத்தலாம் என்று முடிவு செய்வது அந்தப் போர்டுதான்.

"போர்டுதானுங்ணா டார்ச்சு. மத்ததெல்லாம் அது போட்டிருக்கற சட்டை" என்பாள் ஜெசிந்தா.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. சீடர் பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்தைந்து. பொள்ளாச்சியில் ரேடியோவும் டிவியும் ரிப்பேர் பார்த்தவர். மனைவி மயிலாத்தாவுக்கு மலைமேல் தேயிலை ஃபேக்டரியில் வேலை. கடையில் ஈ ஓட்டுகிற நாட்கள் அதிகமானதும், அதை இழுத்துச் சாத்திவிட்டு அவளோடு மேலே வந்துவிட்டார்.

அவர் குருவை 'அம்மிணி' என்பார். குரு அவரை 'ணா' என்பாள். காலில் விழுவது, கை கட்டி நிற்பது எல்லாம் அங்கே கிடையாது.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. செய்து முடித்த போர்டை ஜெசிந்தா சோதித்துப் பார்ப்பாள். தேறினால் அதன் ஓரத்தில் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு வைப்பாள். பொட்டு வைக்காத போர்டு கடை வாசலைத் தாண்டக் கூடாது.

பொன்னுரங்கத்தின் போர்டு எதற்கும் இதுவரை பொட்டு விழவில்லை.

*

அவர் பொழுதுபோக்குக்காகக் கற்றுக்கொள்ள வரவில்லை.

மயிலாத்தாவுக்கு வருகிற வாரம் ரெண்டாம் ஷிப்டு. வேலை முடிந்து வெளியே வரும்போது பொழுது இறங்கியிருக்கும். ஃபேக்டரியிலிருந்து அவர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீட்டுக்கு வரும் குறுக்குப் பாதை, சோலை ஓரமாக வருகிறது. மழை தொடங்கியதும் குட்டியோடு யானைக் கூட்டம் ஒன்று அந்தப் பக்கம் வந்து தங்கிவிட்டது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று கீழே இருக்கிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள். மலைமேல் உள்ள யானைக்கு யாரும் மணி கட்டவில்லை. இருட்டில் பத்தடி தூரத்தில் நின்றாலும் பாறையா, யானையா என்று தெரியாது. வெளிச்சம் ஒன்றுதான் சொல்லும்.

பெண்டாட்டி கையில் நல்ல டார்ச் ஒன்று இருக்க வேண்டும், அது தன் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நியாயமான ஆசைதான். அதற்குள் இத்தனை சந்தேகம் எப்படி வந்து புகுந்தது என்றால், அதையும் குருவேதான் கற்றுக்கொடுத்தாள்.

*

முதல் நாள் ஜெசிந்தா அவர் கையில் ஒரு புதுப் பேட்டரியைக் கொடுத்தாள். பளபளவென்று சிவப்பு உறை போட்டிருந்தது. உறைமேல் பெரிதாக ஓர் எண்.

"என்ன போட்டிருக்குங்ணா?"

அவர் படித்தார்.

"கையில வெச்சு எடை பாருங்."

பார்த்தார். காலிக் குழாய் மாதிரி இருந்தது.

"இப்ப என்ன போட்டிருக்கு?"

"பொய் போட்டிருக்கு" என்றார் பொன்னுரங்கம்.

ஜெசிந்தா சந்தோஷப்பட்டாள். "உறையை நம்பாதீங்க. டப்பாவை நம்பாதீங்க. வீடியோவுல ஒருத்தன் வந்து பேசறதை நம்பவே நம்பாதீங்க. இந்தத் தொழிலுக்கு மொத மூலதனம் சந்தேகந்தானுங்."

மூலதனத்தை அவர் நன்றாகப் பெருக்கினார். உறையைச் சந்தேகித்தார். டப்பாவைச் சந்தேகித்தார். பார்சல் கொண்டுவந்த ஆளைச் சந்தேகித்தார். சந்தேகிக்க வேறு ஒன்றும் அகப்படாத ஒரு நாளில் குருவைச் சந்தேகித்தார்.

*

போர்டைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது.

ஜெசிந்தா மேசைமேல் பழைய துணி ஒன்றை விரித்து இரண்டு போர்டுகளை வைத்தாள்.

"இது எடுத்தேன் கவிழ்த்தேன்னு பேட்டரியில இருக்கறதை அப்படியே விளக்குல கொட்டிரும். கண்ணைப் பறிக்கும். கையும் சுடும்."

"இது?"

"இதுல வரிசையா எட்டு சிப்பு. ஒவ்வொண்ணும் அளந்து அளந்து விடும். நடுவுல இருக்கறது மூளை. பேட்டரி ஒரு அளவுக்குக் கீழ எறங்குச்சுன்னா, பேட்டரி கெட்டுப் போயிருமேன்னு இது நிறுத்திக்கும்."

பொன்னுரங்கம் இரண்டாவதை எடுத்தார். சிக்கனமானவர். தன் பொருளைத் தானே காத்துக்கொள்கிற பொருள்மேல் அவருக்கு மரியாதை உண்டு.

"இதுதான் சரி. பேட்டரி சாகாது."

"சாகாதுங்" என்றாள் ஜெசிந்தா.

அவள் குரலில் ஏதோ இருந்தது. என்ன என்று அவருக்குப் பிடிபடவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

*

அதே வகைப் போர்டைத்தான் ஜெசிந்தாவும் தன் டார்ச்சுகளுக்குப் போட்டாள். ஆனால் அப்படியே போடவில்லை.

முதலில் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலை வைத்து எட்டு சிப்பில் இரண்டைப் பெயர்த்து எடுத்தாள். எடுத்த சிப்புகளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தாள். பிறகு எட்டுக் கால் கொண்ட ஒரு கிளிப்பைப் போர்டின் மூளைமேல் கவ்வவிட்டு, அதை லேப்டாப்பில் மாட்டி ஏதோ தட்டினாள்.

பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தார். அவள் மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை.

"என்னங்கம்மிணி பண்றீங்க?"

"அதுக்கு வேற மாதிரி யோசிக்கச் சொல்லித் தர்றேனுங்."

"எப்படி?"

"சொன்னா நம்புவீங்களா?"

பொன்னுரங்கம் யோசித்தார். ஒன்று சொல்ல வேண்டும், பொய் சொல்லத் தெரியாதவர்.

"மாட்டேனுங்."

"அப்ப எதுக்குங்ணா மூச்சை வீணாக்கறது" என்று அவள் வேலையைத் தொடர்ந்தாள்.

அவர் கண் மாத்திரை டப்பாவின்மேல் இருந்தது. எட்டு சிப்பு வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு வருகிறவனுக்கு ஆறு சிப்பு வெளிச்சம். மிச்ச இரண்டு டப்பாவுக்குள். இது பாலில் தண்ணீர் ஊற்றுகிற வேலைதான் என்று அவருக்குத் தோன்றியது.

"அந்த டப்பாவுல இருக்கறதையெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

ஜெசிந்தா அவரை ஒருமுறை பார்த்தாள். டப்பாவை எடுத்து அவர் கையிலேயே வைத்தாள்.

"நீங்களே வெச்சுக்குங்ணா."

அவர் இதையும் சந்தேகித்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாங்கிக்கொண்டார். இரண்டு சிப்புகளை எடுத்து, தன் போர்டில் இருந்த சிப்புகளின் முதுகின்மேல் அழகாக ஒட்டவைத்துப் பற்றவைத்தார். ரேடியோ ரிப்பேரில் முப்பது வருஷம் பழகிய கை. ஈயம் துளிகூடச் சிந்தவில்லை.

இப்போது அவர் போர்டில் பத்து சிப்பு.

*

உரமூட்டை அறைக்குள் இன்னொரு சின்ன அறை உண்டு. ஜன்னல் கிடையாது. பட்டப்பகலில் கதவைச் சாத்தினாலும் கும்மிருட்டு. சோதனை அங்கேதான்.

டப்பாவிலிருந்து ஜெசிந்தா இரண்டு பேட்டரிகள் எடுத்தாள். பழைய லேப்டாப்பிலிருந்து உரித்தவை; மலைமேல் எல்லார் டார்ச்சிலும் இருப்பது இந்த மாதிரிதான். மீட்டரில் வைத்தால் முழுசாகக் காட்டும். நிறைய வேலை வாங்கினால், சார்ஜ் இருக்கும்போதே இறங்கிவிட்ட மாதிரி உட்கார்ந்துவிடும்; விட்டால் மறுபடி எழுந்துகொள்ளும். அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

பொன்னுரங்கத்தின் டார்ச்சைப் பொருத்தியதும் சுவரில் சூரியன் உதித்தது. சுவரில் ஒட்டியிருந்த பழைய உரக் கம்பெனி காலண்டரின் தேதிகளைக்கூடப் படிக்க முடிந்தது.

ஜெசிந்தாவின் டார்ச் அதற்குப் பக்கத்தில் மஞ்சளாக, சுமாராக எரிந்தது.

பொன்னுரங்கம் நெஞ்சை நிமிர்த்தினார்.

கொஞ்ச நேரத்தில் அவர் டார்ச் பட்டென்று அணைந்தது.

ஜெசிந்தாவின் டார்ச் எரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனதும் ஒருமுறை கண் சிமிட்டியது, மங்கியது. அப்புறம் இன்னும் மங்கியது. அகல் விளக்கு அளவுக்கு வந்த பிறகும் எரிந்துகொண்டே இருந்தது.

"உங்களோடது மங்குது" என்றார் பொன்னுரங்கம்.

"ஆமாங்ணா."

"என்னோடது மங்கறதே இல்லை."

"இல்லீங்."

"பேட்டரிதான் செத்தது."

அவள் கதவைத் திறந்தாள். வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பொட்டு?" என்று கேட்டார் அவர்.

அவள் தலையை ஆட்டினாள். வைக்க மாட்டேன் என்று.

*

அன்று மாலைதான் அவர் வீட்டில் மயிலாத்தாவிடம் சொன்னார்.

"அவளுக்குப் பொறாமை. என் டார்ச்சு ஜெகஜோதியா எரியுது, அவளோடது அழுது வடியுது. அதனாலதான் எனக்கு ஒண்ணுக்கும் ஆகாத பேட்டரி, அவளுக்கு நல்ல பேட்டரி. எம்பட போர்டுக்குப் பொட்டு வெச்சுட்டா, அப்புறம் அவகிட்ட யாரு வருவா?"

மயிலாத்தா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, போன மாசம் பால்காரரைச் சொன்னீங்க. அதுக்கு முந்தி எங்க சூப்பர்வைசரைச் சொன்னீங்க."

"அதெல்லாம் வேற."

"உங்களுக்கு எல்லாமே வேறதானுங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

*

மறுநாள் ஜெசிந்தா பொட்டு வைத்த டார்ச் ஒன்றை அவர் முன் வைத்தாள்.

"இதை அக்காகிட்டக் குடுங்ணா. நீங்க கத்துக்கறது பாட்டுக்குக் கத்துக்குங்க. அவங்க வெறுங்கையோட நடக்க வேண்டாம்."

"அவளுக்கு ஷிப்டு மாறினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சந்தையில பார்த்தப்ப அவங்களே சொன்னாங்க."

"எதுக்குச் சும்மா தர்றீங்க?"

ஜெசிந்தாவுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "ஆனை இருக்குதுங்ணா அந்தப் பாதையில. அதுக்குத்தான்."

பொன்னுரங்கம் அந்த டார்ச்சை இருட்டறைக்கு எடுத்துப்போய்ப் பார்த்தார். மஞ்சள் வெளிச்சம். தன்னுடையதை ஏற்றிப் பார்த்தார். சூரியன். திரும்பி வந்து டார்ச்சை மேசைமேல் வைத்தார்.

"எம்பட பெண்டாட்டிக்கு ஆறு சிப்பு வெளிச்சம் போதாதுங்" என்றார்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். அவர் விஷயத்தில் வெளிச்சம் நிஜமாகவே மஞ்சளாக இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் வசதியாய்ப் போயிற்று.

*

திங்கட்கிழமை வந்தது. மயிலாத்தா ரெண்டாம் ஷிப்டுக்குப் போனாள். சாயங்காலம் வந்து கூட்டிப்போவதாக அவர் சொல்லியிருந்தார்.

மத்தியானம் ஜெசிந்தா பக்கத்துக் கடைக்கு உப்பு வாங்கப் போனாள்.

அவளுடைய சொந்த டார்ச் ஆணியில் தொங்கியது. தினமும் வேலை முடிந்து அதை எடுத்துக்கொண்டுதான் அவள் கிளம்புவாள். அவள் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். அதுவும் சோலை வழிதான். பொன்னுரங்கத்தின் பாதையைவிடத் தூரம்.

பொன்னுரங்கம் எழுந்தார்.

அவள் டார்ச்சின் வாலைத் திருகினார். பேட்டரியை எடுத்தார். மீட்டரில் வைத்தார். முழுசாகக் காட்டியது.

"பார்த்தியா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தன் பேட்டரியை மீட்டரில் வைத்தார். அதுவும் முழுசாகவே காட்டியது. மீட்டர் காட்டுகிற முழுசு, வேலை வாங்காதபோது காட்டுகிற முழுசு என்று அவருக்குத் தெரியும். முப்பது வருஷத் தொழில். அதனால் இந்த இடத்தில் மீட்டரை நம்பக் கூடாது என்று சரியாகவே முடிவு செய்தார். மீட்டருக்குப் பதிலாகத் தன் சந்தேகத்தை நம்பினார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சோதித்துப் பார்க்க நேரமில்லை. அவள் பேட்டரியைத் தன் டார்ச்சில் போட்டார். தன் பேட்டரியை அவள் டார்ச்சில் போட்டுத் திருகி, ஆணியில் மாட்டினார்.

அவளுக்குக் கெடுதல் நினைத்தாரா? இல்லை. அவளிடம் நல்ல பேட்டரி இன்னும் நிறைய ஒளித்து வைத்திருப்பாள் என்று நினைத்தார். திருடினவன் மனசாட்சி இப்படித்தான் தூங்கப் போகிறது.

சாயங்காலம் பொட்டு வைக்காத டார்ச்சைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கடை வாசலைத் தாண்டினார்.

*

ஃபேக்டரி கேட்டில் மயிலாத்தா வந்தாள். டார்ச்சைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"பொட்டு வெச்சுட்டாங்களா?"

"வெச்சாச்சு" என்றார். பொய் சொல்லத் தெரியாதவர் என்று மேலே சொன்னோம். அன்று சாயங்காலம் அதையும் கற்றுக்கொண்டார்.

மழை விட்டிருந்தது. பனிமூட்டம் இறங்கியிருந்தது. பாதையில் இவர்கள் இரண்டு பேர்தான்.

டார்ச் ஜெகஜோதியாக எரிந்தது. எரிந்து என்ன பயன்? பனியில் பட்டு வெளிச்சம் அப்படியே திரும்பி இவர்கள் முகத்திலேயே அடித்தது. எதிரே வெள்ளையடித்த சுவர் ஒன்று நடந்து வருகிற மாதிரி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

"நல்ல வெளிச்சமுங்க" என்றாள் மயிலாத்தா. அவள் அவரை நம்பினாள்.

சோலை ஓரத்தில் ஏதோ முறிந்தது.

இருவரும் நின்றார்கள். பச்சை மூங்கிலை மென்ற வாசனையும் சாணி வாசனையும் சேர்ந்து வந்தன. மறுபடியும் முறிந்தது. இந்தமுறை பக்கத்தில்.

பொன்னுரங்கம் டார்ச்சை உயர்த்தினார்.

டார்ச் அணைந்தது.

கண் சிமிட்டவில்லை. மங்கவில்லை. பட்டென்று அணைந்தது. அத்தனை வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு அந்த இருட்டு வெறும் இருட்டாக இல்லை. தன் கையே தெரியவில்லை.

பொத்தானை அழுத்தினார். எரிந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். வெள்ளைச் சுவரில் கறுப்பாக ஏதோ அசைந்தது. அணைந்தது.

மறுபடி அழுத்தினார். எரிந்தது, அணைந்தது.

"விட்டுத் தொலைங்க" என்று மயிலாத்தா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்தார்கள். அவள் அவர் வாயைப் பொத்தினாள். தன் வாயையும் பொத்திக்கொண்டாள்.

யானை வந்தது. அதன் வயிற்றுக்குள் உருளுகிற சத்தம் கேட்டது. குட்டி ஒன்று தாயை ஒட்டி வந்ததும் கேட்டது. மூச்சுக் காற்று இலைகள்மேல் பட்டது. தாய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

பொன்னுரங்கத்துக்கு ஒரே நினைப்புதான். இவளை நான் கொன்றுவிட்டேன்.

பிறகு அது குட்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போனது.

வெகுநேரம் இருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்த பிறகு தேயிலை வரிசையைக் கையால் தடவித் தடவி வீடு வந்து சேர்ந்தார்கள்.

வீட்டு விளக்கடியில் வந்து நின்றபோதுதான் மயிலாத்தா அழுதாள்.

"பொட்டு வெச்சாங்களா? நெசத்தைச் சொல்லுங்க."

அவர் டார்ச்சைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"ஊருல ஒருத்தரையும் நம்பாத மனுசனை நம்பித்தானுங்க நான் அந்த இருட்டுல வந்தேன்" என்றாள்.

*

இதற்குப் பிறகாவது அவருக்குச் சந்தேகம் தீர்ந்ததா?

அதுதான் இல்லை. விடிய விடிய வளர்ந்தது.

அவள் டார்ச்சிலிருந்து எடுத்த பேட்டரி. அதுவும் அணைந்தது. அப்படியென்றால் அதுவும் செத்த பேட்டரிதான். தன் டார்ச்சில் எவளாவது செத்த பேட்டரி வைப்பாளா? வைத்தாள் என்றால் காரணம் இருக்கிறது. காரணம் விடியும்போது அவருக்குக் கிடைத்துவிட்டது.

காலையில் மயிலாத்தாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். நியாயம் கேட்கச் சாட்சி வேண்டும். மயிலாத்தா உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டாள்.

ஜெசிந்தா அவர்கள் கைகளில் தேயிலைச் செடி கீறிய தடங்களையும், மயிலாத்தாவின் முகத்தையும் பார்த்தாள். கையிலிருந்த சூட்டுக்கோலைக் கீழே வைத்தாள்.

"அக்காவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகியிருக்கும்!" என்று கத்தினார் பொன்னுரங்கம். டார்ச்சை மேசைமேல் எறிந்தார். "ஆனைக்கு முன்னாடி அணைஞ்சு போச்சு. உங்க பேட்டரி!"

"என்னோடதா?"

"உங்க டார்ச்சுல இருந்து நேத்து நான்தான் எடுத்தேன். எடுத்துட்டு எம்படதை அதுல போட்டேன். போதுமா? ஆனா நான் எடுப்பேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் உங்க டார்ச்சுல செத்த பேட்டரியை வெச்சிருக்கீங்க. எனக்குக் கண்ணி வெச்சிருக்கீங்க!"

வாசலில் நின்ற மயிலாத்தாவுக்கு அவமானத்தில் தலை குனிந்தது.

ஜெசிந்தா கோபப்படவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள்.

"அப்ப நேத்து ராத்திரி நான் எதை வெச்சுட்டுங்ணா வீட்டுக்குப் போனேன்?"

பொன்னுரங்கம் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

ஆணியில் அவள் டார்ச் தொங்கியது. அதற்குள் இருந்தது அவர் போட்ட பேட்டரி. அவர் செத்தது என்று தூக்கி எறிய இருந்த பேட்டரி. ஆற்றைத் தாண்டி, சோலையைத் தாண்டி, அதே பனியில் அவளைக் கொண்டுபோய் விட்டு, காலையில் திரும்பக் கொண்டுவந்தும் சேர்த்திருந்தது.

"பாலத்துக்கிட்ட ஒருதரம் கண் சிமிட்டிட்டு மங்குச்சுங்" என்றாள் அவள். "சரி, பேட்டரி எறங்கிருச்சுன்னு எட்டி நடை போட்டேன். வீட்டு வாசல் வரைக்கும் காலடி தெரிஞ்சுது."

தன் கையால் அவள் டார்ச்சைத் திருகியது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. ஒரே சாயங்காலத்தில் இரண்டு பெண்களை யானைப் பாதையில் அனுப்பியிருந்தார்.

ஜெசிந்தா அவருடைய டார்ச்சை எடுத்தாள். சேற்றைத் துடைத்தாள். வாலைத் திருகிப் பேட்டரியை வெளியே எடுத்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் அதன் இரண்டு பக்கமும் வைத்தாள். முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்தாள்.

"என்ன காட்டுது?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

"பேட்டரிக்கு ஒண்ணுமே ஆகலீங்ணா" என்றாள் ஜெசிந்தா. "பாதி சார்ஜு அப்படியே இருக்குது. உங்க போர்டு அதைப் பத்திரமாக் காப்பாத்தி வெச்சிருக்குங்."

பொன்னுரங்கம் திரும்பி, வாசலில் நின்ற மயிலாத்தாவைப் பார்த்தார்.